கேள்வி-பதில்: வெள்ளரி இலை மஞ்சளாகிக் கருகுகிறது, பிடுங்கி எறிந்துவிடவா?

ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். பெயரையும் தோட்டத்தையும் விட்டுவிட்டு, கடிதத்தின் சாரத்தை மட்டும் தருகிறேன்.

லயத்துக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீட்டுக்கு, பின்னால் இருக்கும் துண்டு நிலத்தில் ஏப்ரல் கடைசியில் வெள்ளரி விதை ஊன்றியிருக்கிறார். ஏழு செடி பாத்தியில். ஐந்து செடி பழைய பசளை பேக்குகளில், தேயிலை மலையிலிருந்து வெட்டி வந்த மண்ணை நிரப்பி, முன்வாசல் தகரத் தாழ்வாரத்தின் கீழ். மே முடியும்வரை கொடி நன்றாக ஓடியது. ஜூன் இரண்டாம் கிழமையில் அடியிலைகளில் மஞ்சள் திட்டு வந்தது. பிறகு அது பழுப்பானது. இப்போது தொட்டால் அப்பளம் மாதிரி நொறுங்குகிறது. "கொழுந்து நிறுத்துவிட்டு வந்து, மழை விட்ட நாளெல்லாம் பின்னேரம் பீலியிலிருந்து குழாய் போட்டு பாத்தியைச் செடியோடு நனைத்துவிடுகிறேன். அப்படியும் காய்கிறது" என்கிறார். பேக் செடிகளுக்கு ஒரு செடிக்கு ஒரு செம்புத் தண்ணீர். கொழுந்தனார் கொடுத்த தேயிலைப் பசளையை எல்லாச் செடிக்கும் கிழமைக்கு ஒரு கைப்பிடி வீதம் போட்டிருக்கிறார்.

டவுன் கடை ஒன்றில் "இலைக் கருகலுக்கு" என்று சொல்லி, பொலித்தீன் பையில் முடிந்து கொடுத்த பவுடரை இரண்டு தரம் அடித்திருக்கிறார். பலனில்லை. மிச்சம் ஒரு பழைய மால்ட் போத்தலில், ஜன்னலுக்கு மேலே இருக்கிறது. பக்கத்துக் காம்பராக்காரர் இது வைரஸ், எல்லாவற்றையும் பிடுங்கி நெருப்பு வையுங்கள் என்கிறார். மாமியார் கண்ணூறு என்கிறார். இவருக்கோ, மேலே மலையில் புல்லுக்கு அடிக்கும் மருந்து காற்றில் வந்து பட்டிருக்குமோ என்று சந்தேகம். என்ன நோய், பிடுங்குவதா வேண்டாமா, பிஞ்சுகளைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா, பக்கத்துப் போஞ்சிக்கும் தொற்றுமா என்பவை அவருடைய கேள்விகள்.

சகோதரி, உறைக்குள் இரண்டு இலைகளை மடித்து வைத்திருந்தீர்கள். தபாலில் கிடந்ததில் ஒன்று கறுத்துப் பசையாகிவிட்டது. மற்றது தப்பியிருந்தது. அதை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். மஞ்சள் திட்டு எதுவும் வட்டமாக இல்லை. நரம்புக்கு நரம்பு வேலி போட்ட மாதிரி, மூலை மூலையாகக் கட்டம் கட்டமாக நின்றது. ஒரு கட்டம் பழுப்பாகி முடிந்திருக்கிறது, அதை ஒட்டிய கட்டம் இன்னும் பச்சை.

வட்ஸ்அப்பில் வந்த படங்களில் பேக் செடிகளின் இலை வேறு மாதிரி இருக்கிறது. நடுப்பகுதி பச்சையாகவே இருக்க, ஓரம் மட்டும் சுற்றிவர நெருப்புப் பட்ட கடதாசி போலக் கருகியிருக்கிறது. அதே படத்தில், பேக்கின் வாயில் மண்ணின் மேல் உப்புப் பூத்தது போல ஒரு வெள்ளைப் படை. உங்கள் கண்ணில் அது பட்டதோ என்னவோ, எனக்கு அதுதான் முதலில் தெரிந்தது.

ஆகவே உங்கள் தோட்டத்தில் இருப்பது ஒரு வருத்தம் இல்லை, இரண்டு. ஒன்றுக்கும் மற்றதற்கும் சம்பந்தமே கிடையாது. பாத்தியில் இருப்பது மழையும் நீங்களும் சேர்ந்து வளர்த்த நோய். பேக்கில் இருப்பது பசளைச் சூடு. இரண்டையும் ஒரே பவுடரால் பிடிக்கப் பார்த்தீர்கள், அதனால்தான் ஒன்றும் மசியவில்லை.

வைரஸும் இல்லை, மலை மருந்தும் இல்லை

வெள்ளரி மஞ்சளானால் நான் முதலில் கேட்பது, எந்த இலையில் தொடங்கியது என்பதுதான். வைரஸ் என்றால் கொழுந்தில்தான் முகம் காட்டும். புது இலை சிறுத்து, சுருங்கி, வெளிர்பச்சையும் கரும்பச்சையும் கலந்து தேமல் விழுந்த மாதிரி இருக்கும். உங்கள் கொடிகளின் நுனி படத்தில் நல்ல பச்சையாக, நேராக இருக்கிறது. பக்கத்துக் காம்பராக்காரர் நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார். ஆனால் அவர் பேச்சைக் கேட்டு நெருப்பு வைத்திருந்தால் நல்ல செடிகளும் போயிருக்கும்.

புல் மருந்து காற்றில் வந்தாலும் அடியிலையை மட்டும் தேடிப் பிடித்துக் கட்டம் போடாது. கிளைபோசேட் பட்டால் பெரும்பாலும் இளங்குருத்துதான் வெளிறி ஒடுங்கும். தொட்ட இடத்தைச் சுடும் வகை மருந்து என்றால், காற்று வந்த பக்கத்து இலைகளில் ஓரிரு நாளிலேயே பொட்டுப் பொட்டாகக் கருகும். பக்கத்தில் உள்ள போஞ்சியும் தப்பாது. உங்கள் போஞ்சி சுகமாக இருப்பதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இருந்தாலும் மலையில் எந்த நாள், என்ன மருந்து அடிக்கிறார்கள் என்று வெளிக்கள உத்தியோகத்தரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் விளையாடும் இடத்துக்கு மேலே அடிக்கிறார்கள் என்றால், அதைக் கேட்பதில் தவறே இல்லை.

மக்னீசியம் குறைந்தாலும் அடியிலைதான் மஞ்சளாகும். ஆனால் அதில் நரம்பெல்லாம் பச்சைக் கோடாகத் தெரிய, இடைவெளி முழுவதும் ஒரே சீராக வெளிறும். இப்படி அங்கொரு கட்டம் இங்கொரு கட்டம் என்று வராது. நான் உத்தியோகத்துக்கு வந்த புதிதில் என் வீட்டுக் கொடியிலேயே இந்த இரண்டையும் மாற்றிப் பிடித்து, மூன்று கிழமை மக்னீசியத்துக்கென்று எப்சம் உப்புக் கரைத்து அடித்துக்கொண்டிருந்தேன். கொடி செத்த பிறகுதான் இலையைத் திருப்பிப் பார்த்தேன்.

பாத்திச் செடிகள்: விடியற்காலையில் இலையைத் திருப்புங்கள்

பாத்தியில் இருப்பதற்கு அடிச்சாம்பல் நோய் என்று பெயர். நம் பக்கத்துக் கடைகளில் டவுனி மில்டியூ என்றால்தான் விளங்கும். உறுதிப்படுத்த லேப் எதுவும் தேவையில்லை. பிரட்டுக்கு, அதாவது காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்க, போகுமுன், வெயில் ஏறாத நேரத்தில், மஞ்சள் திட்டு உள்ள ஓர் இலையின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். மேலே மஞ்சளாகத் தெரியும் அதே கட்டத்துக்கு நேர் கீழே, சாம்பலும் ஊதாவும் கலந்த மெல்லிய பூஞ்சை படிந்திருந்தால் அதேதான். பத்து மணிக்குப் பார்த்தால் காற்று கொண்டுபோயிருக்கும், ஒன்றும் இல்லை என்று நினைத்துவிடுவீர்கள். காலையில் நேரமில்லையா? இலையை மாலையில் பறித்து, நனைத்த துணித்துண்டு ஒன்றோடு பொலித்தீன் பைக்குள் போட்டுக் கட்டி, இரவு முழுக்க அடுப்படியில் வையுங்கள். காலையில் பூஞ்சை தானாக முளைத்து நிற்கும்.

பூஞ்சையே வராமல், கட்டங்கள் காய்ந்து கொட்டி இலை ஓட்டை ஓட்டையாகி, அடியில் பால் உலர்ந்த மாதிரி வெள்ளைப் பொருக்கு இருந்தால் எனக்கு மறுபடி எழுதுங்கள். அது பாக்டீரியா. விதையோடு வரும், காயையும் பிடிக்கும். நீங்கள் அனுப்பிய இலையில் அப்படி எதுவும் இல்லை.

இந்த நோய்க்கு வேண்டியது ஈர இலை. 20 பாகை அளவு குளிர்ச்சியில் இலை இரண்டு மணித்தியாலம் நனைந்திருந்தாலே அது உள்ளே புகுந்துவிடும். புகுந்து நாலு நாளிலிருந்து பன்னிரண்டு நாளுக்குள் மஞ்சள் தெரியும். ஹட்டனில் மே நடுவில் தென்மேல் பருவமழை பிடித்தால் செப்டம்பர் வரை மழையும் மூடுபனியும்தான். அதற்கு மேல் நீங்கள் மழை விட்ட ஒன்றிரண்டு நாளிலும் பின்னேரம் குழாயைப் பிடித்து இலையை நனைத்து, அந்த ஈரத்தோடு செடியை இரவுக்குள் அனுப்பியிருக்கிறீர்கள். காய்கிறது என்று தண்ணீர் ஊற்றினீர்கள், ஊற்றியதால் காய்ந்தது. கோபித்துக்கொள்ளாதீர்கள், பத்துப் பேரில் எட்டுப் பேர் இதைத்தான் செய்கிறார்கள்.

இப்போது தாழ்வாரத்தின் கீழ் இருக்கும் ஐந்து செடிகளை ஒரு தரம் பாருங்கள். அதே விதை, அதே வீடு, அதே மூடுபனி. அவற்றில் ஓர் இலையில்கூடக் கட்டம் கட்டமான மஞ்சள் இல்லை. மழை மேலே விழவில்லை, நீங்களும் மண்ணுக்குத்தான் தண்ணீர் ஊற்றினீர்கள், அவ்வளவுதான் வித்தியாசம். உங்கள் பாத்திக்கு வேண்டியது மருந்தை விட ஒரு கூரை. நாலு கம்பு நட்டு, ஆளுயரத்துக்கு மேலே கண்ணாடிப் பொலித்தீனைச் சரிவாகக் கட்டுங்கள். பக்கங்களைத் திறந்தே விடுங்கள். மூடினால் உள்ளே வேர்த்து, நனைந்த மாதிரியேதான் ஆகும். கொடியைத் தரையில் படரவிடாமல் கயிற்றில் ஏற்றுங்கள். தண்ணீர் தேவைப்பட்டால் காலையில், வேரடியில் மட்டும்.

இலை கிள்ளுவதில் அவசரம் வேண்டாம். மஞ்சளைக் கண்ட இடமெல்லாம் கிள்ளிக் கொடியை மொட்டையாக்கிவிட்டால் காய்க்குச் சாப்பாடு போடுவது யார்? மண்ணைத் தொடும் இலைகளையும், பாதிக்கு மேல் பழுப்பான இலைகளையும் மட்டும், இலை உலர்ந்திருக்கும் நேரம் பார்த்து எடுங்கள். ஒரே நாளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகாதீர்கள். ஏற்கெனவே மஞ்சளான இடம் எந்த மருந்துக்கும் திரும்பப் பச்சையாகாது. இனி வரும் இலை சுத்தமாக வருகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

போஞ்சி, கரட், லீக்ஸ் எதற்கும் இது தொற்றாது. வெள்ளரி, பூசணி, பாகல், பீர்க்கு என்று ஒரே குடும்பத்துக்குள்தான் சுற்றும். உயிருள்ள இலையில்தான் அது பிழைக்கும் என்பதால், பக்கத்தில் யாராவது வீட்டில் பழைய வட்டக்காய் (பூசணி) கொடி மஞ்சளும் பழுப்புமாகப் படர்ந்து கிடக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் அங்கிருந்துதான் காற்றில் வந்திருக்கும்.

பேக் செடிகள்: பசியில்லை, அஜீரணம்

தேயிலைப் பசளை கொழுந்துக்காகக் கலந்தது, அதில் நைதரசன் தூக்கல். மலை மண்ணில் தாராளமாக வேரோடிய தேயிலைக்குப் போடுகிறதை, ஒரு பேக் மண்ணில் நிற்கும் வெள்ளரிக்குக் கிழமைக்கு ஒரு கைப்பிடி போட்டால் என்ன ஆகும்? மழையும் படாத இடம். ஒரு செம்புத் தண்ணீரில் பசளை கரைகிறது, ஆனால் கழுவிப் போவதில்லை. உப்பாக மேலே ஏறி நிற்கிறது. அந்த வெள்ளைப் படை அதுதான். உப்பு மிஞ்சிய மண்ணில் ஈரம் இருந்தும் வேரால் தண்ணீர் உறிஞ்ச முடியாது. அதனால் இலையின் கடைக்கோடி, அதாவது ஓரம், முதலில் காய்கிறது.

வெள்ளைப் படையை மேல் மண்ணோடு ஓர் அங்குலம் சுரண்டி எடுத்துவிடுங்கள். பேக்கின் அடியிலும், அடியிலிருந்து இரண்டு அங்குலம் மேலே பக்கவாட்டிலும் ஆணியைச் சுடவைத்து ஓட்டை போடுங்கள். பிறகு பீலித் தண்ணீரை மெதுவாக ஊற்றிக்கொண்டே இருங்கள், அடியில் வடிந்து ஓட வேண்டும். அரை மணித்தியாலம் விட்டு மறுபடி ஒரு தரம். மூன்று கிழமைக்குப் பசளைப் பக்கமே போகாதீர்கள். அதன் பிறகு மக்கிய மாட்டெருவோ கூட்டெருவோ இரண்டு கை போதும். பாத்திச் செடிகளுக்கும் தேயிலைப் பசளையை நிறுத்திவிடுங்கள். நைதரசன் மிஞ்சினால் இலை அடர்ந்து, காற்றோட்டம் போய், ஈரம் உலர நேரமெடுக்கும்.

இன்னொன்று, தேயிலை மலை மண். தேயிலைக்குப் புளிப்பு மண் வேண்டும். புளிப்பை அளக்கும் பிஎச் எண் குறையக் குறையப் புளிப்பு கூடும், 4.5 முதல் 5.5 வரை தேயிலைக்குச் சுகம். வெள்ளரிக்கு 6க்கு மேலே இருந்தால்தான் வேர் நிம்மதியாக ஓடும். ஆகவே அடுத்த தரம் அந்த மண்ணை எடுத்தால், விதை ஊன்றுவதற்கு மூன்று நாலு கிழமை முன்பே புளிப்பைக் குறைக்கும் டொலமைட் சுண்ணாம்புத் தூளைக் கலந்து வையுங்கள். ஒரு சதுர மீற்றர் பாத்திக்கு 150 முதல் 200 கிராம் போதும், அதாவது பெரிய கையால் இரண்டு பிடி. அதில் மக்னீசியமும் இருக்கிறது. இப்போது நிற்கும் செடிக்கு வேரடியில் கொட்ட வேண்டாம்.

அந்தப் பவுடர்

இந்தக் கடிதத்தில் எனக்குப் பயம் வந்தது இலையைப் பார்த்து இல்லை, ஜன்னலுக்கு மேலே இருக்கும் மால்ட் போத்தலை நினைத்து. சாப்பாட்டுப் போத்தலில் நஞ்சை வைக்கவே கூடாது. பிள்ளைகளுக்குப் போத்தல்தான் தெரியும், உள்ளே இருப்பது தெரியாது. இன்றைக்கே கையுறையோ பொலித்தீன் பையோ கையில் மாட்டிக்கொண்டு, போத்தலை இறுக மூடி, "நஞ்சு" என்று பெரிதாக எழுதி ஒட்டி, வீட்டுக்கு வெளியே பூட்டி வையுங்கள். பீலிப் பக்கமோ வடிகானிலோ கொட்டிவிடாதீர்கள். வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுங்கள்.

கடைக்காரர் பிரித்துக் கட்டிக் கொடுத்ததே தவறு. 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைகொல்லிகள் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, பதிவு செய்த மருந்தை அதற்குரிய லேபலோடுதான் விற்க வேண்டும். லேபல் தமிழிலும் இருக்க வேண்டும். "லேபல் உள்ள பெக்கட் தாங்க, இல்லாவிட்டால் வேண்டாம்" என்று சொல்வது உங்கள் உரிமை, தயங்காதீர்கள். முறைப்பாடு செய்ய நினைத்தால் பேராதனையில் பீடைகொல்லிகள் பதிவாளர் அலுவலகம் இருக்கிறது, தமிழிலேயே எழுதலாம். டவுனில் இருக்கும் ஒரே கடையோடு மனஸ்தாபம் வேண்டாம் என்று நினைத்தால் அதையும் நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அடுத்த பெக்கட்டை லேபல் பார்த்து வாங்குங்கள்.

அது ஏன் வேலை செய்யவில்லை? என்ன பவுடர் என்றே தெரியாதபோது அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் அடிச்சாம்பலை உண்டாக்குவது, பார்வைக்குப் பூஞ்சை மாதிரி இருந்தாலும், சாதாரணப் பூஞ்சை (பங்கசு) வகையைச் சேர்ந்ததில்லை. நம் ஊரில் உருளைக்கிழங்குப் பாத்தியை மழை நாளில் ஒரே கிழமையில் கருக்கிப்போடும் நோய் இருக்கிறதே, அதன் கிருமிக்கு உறவுக்காரன். கார்பண்டசிம், கந்தகம் போன்றவை இதன்மேல் எடுபடாது. மங்கோசெப் போன்ற தடுப்பு மருந்துகள் எடுபடும், அதுவும் நோய் வருமுன் இலையில் படிந்திருந்தால்தான். மழை அவற்றைக் கழுவிவிடும். இதைவிடப் பெரிய சிக்கல், அடித்தபின் காய் பறிக்காமல் எத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்று லேபலில் போட்டிருப்பார்கள். வெள்ளரியோ இரண்டு நாளைக்கு ஒரு தரம் பறிக்கிற காய். பன்னிரண்டு செடி வைத்து வீட்டுக்குச் சாப்பிடுகிறவர், காத்திருக்கும் நாட்களில் காய் முற்றிப்போவதைப் பார்த்துக்கொண்டு இருப்பதா? விற்பனைக்குக் கால் ஏக்கர் போட்டவருக்கு நான் வேறு பதில் சொல்வேன். உங்களுக்கு மருந்து வேண்டாம் என்பதுதான் என் அபிப்பிராயம்.

பிஞ்சுகளைப் பற்றிக் கேட்டீர்கள். நோய் பிடித்த கொடியின் காயைச் சாப்பிட்டால் மனிதருக்கு ஒன்றும் ஆகாது. பெயர் தெரியாத பவுடர்தான் பிரச்சினை. அடித்தபோது கொடியில் இருந்த காய், பிஞ்சு எல்லாவற்றையும் பறித்துப் புதைத்துவிடுங்கள். கடைசியாக அடித்த நாளிலிருந்து இரண்டு கிழமை கழித்து, அதன்பின் புதிதாகப் பிடித்த காயை நன்றாகக் கழுவிச் சாப்பிடலாம். மனது கேட்காவிட்டால் முதல் பறிப்பையும் விட்டுவிடுங்கள்.

பிடுங்குவதா, வைத்திருப்பதா

பேக் செடிகளைப் பிடுங்க வேண்டாம். கழுவி விட்டால் இரண்டு கிழமையில் புது இலை ஓரம் கருகாமல் வரும். பாத்திச் செடிகளில் நுனி பச்சையாக, பாதிக்கு மேல் நல்ல இலையோடு இருப்பவற்றை மட்டும் கூரை போட்டு வைத்திருங்கள். மற்றவற்றை எடுத்துவிடுவதே நல்லது, அவை நிற்கும்வரை நல்ல செடிக்கும் தூவிக்கொண்டே இருக்கும். பொலித்தீன் வாங்கக் கையில் காசு இல்லை என்றால், இந்த மழைக்குப் பாத்தியோடு மல்லுக்கட்டாதீர்கள். அந்த இடத்தில் கீரையோ லீக்ஸோ போட்டுவிட்டு, வெள்ளரியை அடுத்த பெப்ரவரியில் ஊன்றுங்கள். ஐம்பது நாளில் காய்க்கத் தொடங்கும், மே மழைக்கு முன் ஒரு நல்ல பறிப்பு கிடைக்கும். ஊவாப் பக்கத்தில் இருக்கும் உங்கள் அக்கா ஜூலையில் காய் பறிப்பதைப் பார்த்து மனம் நோக வேண்டாம். பண்டாரவளை போன்ற ஊவா ஊர்களில் அந்த மாதங்கள் வறட்சி, ஹட்டனில் மழை.

தோட்டத்து ஆட்களுக்கு விவசாயப் போதனாசிரியர் வரமாட்டார் என்று எழுதியிருந்தீர்கள். வருவது வராதது இருக்கட்டும், 1920 என்ற இலக்கத்துக்கு எடுங்கள். விவசாயத் திணைக்களத்தின் ஆலோசனை இலக்கம் அது. தமிழில் பேசுபவரைக் கேளுங்கள், எந்த இலையில் தொடங்கியது, திட்டு என்ன வடிவம், அடியில் பூஞ்சை இருக்கிறதா என்ற மூன்றையும் சொல்லுங்கள்.

மாமியார் சுற்றிப் போடட்டும், செடிக்கு அதனால் நட்டமில்லை. உப்பை மட்டும் வேரடியில் கொட்ட வேண்டாம் என்று சொல்லிவையுங்கள், பேக்கில் ஏற்கெனவே போதுமான அளவு இருக்கிறது.

கடிதத்தின் ஓரத்தில் பென்சிலால் இன்னொன்றும் எழுதியிருந்தீர்கள்: முதலில் வந்த பூவெல்லாம் கொட்டிவிட்டது என்று. அது நோய் இல்லை. வெள்ளரியில் ஆண் பூதான் முதலில் வரும், ஒரு நாள் பூத்து உதிர்ந்துவிடும். பூவுக்குப் பின்னால் விரல் நுனி அளவு குட்டி வெள்ளரி ஒட்டிக்கொண்டிருந்தால்தான் அது பெண் பூ. மழையில் தேனீ வராத நாட்களில் அந்தப் பிஞ்சும் பழுத்து விழும். காலையில் ஓர் ஆண் பூவைப் பறித்து, இதழைக் கிள்ளிவிட்டு, நடுத்தண்டைப் பெண் பூவின் நடுவில் மெல்ல ஒற்றி எடுங்கள். இலையைத் திருப்பிப் பார்க்கும் அதே நேரத்தில் இதையும் செய்துவிடலாம்.